எதுக்க வந்தவன்

"கடலுக்கு அடியில ரோடு போட்டீங்களாமே, தண்ணி ஒழுகாதா?"

திருவண்ணாமலையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. முடி வெட்டுகிறவர் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒழுகும் என்பதுதான் பதில். நன்றாகவே ஒழுகும். எவ்வளவு ஒழுகலாம், எங்கே ஒழுகலாம், ஒழுகியதை எப்படி வெளியே தள்ளலாம் என்பதுதான் எங்கள் தொழிலே. ஆனால் இந்தப் பதிலில் யாருக்கும் திருப்தி இல்லை. ஒரு சொட்டுகூட வராது என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த பழைய கம்பெனிப் பிள்ளைகள் சிலர், அடி அண்ணாமலையில் என் வீட்டில் சற்று நேரம் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இப்போது இருப்பது பாறையை வட்டமாகக் குடைந்துகொண்டே போகும் ராட்சத மெஷின். வெடி கிடையாது, புகை கிடையாது. "உங்க காலத்துல கையாலயே தோண்டினீங்களா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். பல்லால் கடித்தோம் என்றேன். சிரித்து முடித்துவிட்டு, "அந்தக் கடல் கதைய எழுதிக் குடுங்க சார்" என்று பிடித்துக்கொண்டாள். ஆளுக்கு ரெண்டு இட்லி ஜாஸ்தி போட்டு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். விடவில்லை.

என் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். எங்கள் பக்கத்தில் கிணறு என்றால் மண்ணை வெட்டுவதல்ல, பாறையை உடைப்பது. அதனால் வெடிச்சத்தம் எனக்குப் பயமாக இருந்ததே இல்லை. இருபது வயதில் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனேன். கூடவே ஏழுமலையும் வந்தான். ஒரே தெரு, ஒரே பெஞ்சு. பிற்பாடு என் தங்கை செல்வியைக் கட்டிக்கொண்டு மச்சானும் ஆனான். எண்பத்தொன்பதில் இமயமலையில் ஒரு மின்நிலையச் சுரங்கத்துக்கு இருவரும் மாறினோம். அங்கே நார்வேக்காரர்கள் எங்களுக்கு மூன்று கை வைத்த துளைக்கும் மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வேலை முடியும்போது, எங்கள் ஊரிலும் ஒரு வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்றார்கள். செல்வி மட்டும், "போறது சரி. போன மாதிரியே முழுசா இட்டுக்கினு வா" என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள். அவள் புருஷனைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். எங்கே வேடிக்கையோ அங்கே முதல் வரிசையில் நிற்கிறவன் அவன்.

நார்வேயில் எங்கள் வேலை ஒரு தீவுக்காக. அந்தத் தீவில் ஒரு மீன்பிடி ஊர். கரையில் நின்றால் அவர்கள் வீட்டு விளக்கு நமக்குத் தெரியும். ஆனால் காற்று கிளம்பினால் படகு நின்றுவிடும். பிரசவ நாள் நெருங்கும் பெண்கள் முன்கூட்டியே கரைக்கு வந்து யார் வீட்டிலாவது தங்குவார்கள். பல்வலிக்கு டாக்டரிடம் போவதென்றாலும் காற்று சம்மதிக்க வேண்டும். இவர்களுக்காகத்தான் ரோடு. கரையில் தொடங்கி, சரிவாக இறங்கி, கடலின் தரைக்கும் கீழே பாறைக்குள் போய், மறுபடி ஏறித் தீவில் வெளியே வர வேண்டும். தலைக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் கடல், கடலுக்கு மேல் அந்தப் படகு. சில நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை மேலே பார்த்து, "இந்நேரம் படகு நம்ம தலைமேல போவுது மச்சான்" என்று கையாட்டுவான்.

எங்கள் ஷிப்டின் போர்மேன் பெயர் ஆர்னே. ஆறடிக்கு மேல் உயரம், எப்போதும் சிவந்த மூக்கு. வேலை நேரத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெடித்து, புகை அடங்கியதும் அவர்தான் முதலில் தனியாக உள்ளே போவார். நீளமான இரும்புக் கடப்பாரையால் கூரையை ஒவ்வோரிடமாகத் தட்டுவார். டங் என்றால் பாறை பிடிப்பாக இருக்கிறது. டொப் என்றால் விரிசல் விட்டிருக்கிறது, நெம்பி விழவைக்க வேண்டும். முழுதும் தட்டி முடித்துத் தன் விளக்கை வட்டமாகச் சுற்றிக் காட்டினால்தான் நாங்கள் உள்ளே காலெடுத்து வைக்கலாம். அவர் தட்டும் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்டுக்கேட்டு, பாறைக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் காதுகளும் பழகிவிட்டன.

அதற்கு அடுத்தது முன்துளை. அடுத்த வெடிக்கு முன்னால், முகப்பில், அதாவது எதிரே நிற்கும் பாறைச் சுவரில், நீளநீளமாகச் சில துளைகள் போட்டு, முன்னே தண்ணீர் இருக்கிறதா என்று உளவு பார்ப்போம். துளையில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து, வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆர்னே கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். உப்பாக இருந்தால் கடல் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். "உப்பு" என்ற சொல்லை ஏழுமலை கற்றுக்கொடுத்திருந்தான். ஆர்னே அதை மிகுந்த சோகத்தோடு, "உப்ப்பு" என்பார். வாளி சீக்கிரம் நிரம்பிவிட்டால் அன்றைக்கு ஒரு அடிகூட முன்னேற்றம் கிடையாது. துளைகளுக்குள் சிமெண்ட் பாலை அழுத்தி ஏற்றி, விரிசல்களை அடைத்து, இறுகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் பரபரத்தால், "கடலுக்கு அவசரம் இல்லை, நமக்கு மட்டும் எதற்கு?" என்று கேட்பார்.

ஆர்னே யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். வேலை அவருக்குப் பிடித்திருந்தால் தன்னுடைய சொந்த பிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியில் காபி ஊற்றி நீட்டுவார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் அந்த ஒரு மூடிக் கறுப்புத் தண்ணீருக்காக வளர்ந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் முறைவைத்து ஏங்கினோம். எனக்குச் சில தடவை கிடைத்தது. ஏழுமலைக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. "என் மூஞ்சியப் பாத்தா காபி குடிக்கறவன் மாதிரி தெரியலயா?" என்று அவன் என்னிடம் சண்டைக்கு வருவான்.

இனி மலைக்கு வருகிறேன்.

சுரங்கத்துக்குள் வலது, இடது என்பது பெரிய தொல்லை. உள்ளே பார்த்து நிற்பவனின் வலது, வெளியே பார்த்து நிற்பவனுக்கு இடது. ஒருத்தன் வலது என்று கத்த, இன்னொருத்தன் தன் வலது பக்கம் குழாயைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். நானும் ஏழுமலையும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் எங்களுக்குள் வேறு கணக்கு வைத்திருந்தோம். கிரிவலம் போகும்போது வலக்கைப் பக்கம் எப்போதும் மலை. இடக்கைப் பக்கம் டீக்கடை, பூக்கடை. அதேபோலச் சுரங்கத்துக்குள் போகும்போது வலக்கைப் பக்கம் எதுவோ அது மலை, மற்றது கடை. நீ திரும்பி நின்றாலும், குனிந்து நின்றாலும் மலை மலைதான், அது எங்கே எழுந்து போகும்?

ஆர்னே சில நாள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுநாளிலிருந்து அவரும் அதையே பிடித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் மொத்த ஷிப்டும், "மாலாய்! கதாய்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயர்கூடத் தெரியாத வெள்ளைக்காரர்கள் கடலுக்கு அடியில் மலை மலை என்று கூவியதைக் கேட்டு நாங்கள் இருவரும் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இதற்குள் தீவின் பக்கத்திலிருந்தும் குடைய ஆரம்பித்திருந்தார்கள். அங்கே மெஷின் ஓட்ட ஆள் போதவில்லை என்று ஏழுமலையை அனுப்பினார்கள். அவன் போகும்போது பெட்டி படுக்கையோடு மலையையும் கடையையும் கொண்டுபோனான். அங்கிருந்தவர்களுக்கும் அது பிடித்துவிட்டது. தங்கியிருந்த வீட்டுக்காரம்மா அவன் பாஷையை வைத்தே மேஜையில் உப்பு டப்பா கடைப்பக்கம் இருக்கிறது என்று சொல்கிறாள் என்று போனில் பெருமை பீற்றினான்.

இரண்டு முகப்புகளும் நெருங்கின. நடுவில் மிச்சம் கொஞ்சம் பாறைதான் என்று சர்வேக்காரர்கள் சொன்ன நாள், கடைசி வெடிக்கு முன் ஒரே ஒரு முன்துளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை முழுதாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. மெஷின் என் கையில். ஆர்னே தீவுப் பக்கத்துப் போர்மேனிடம் போனில் ஏற்பாட்டைச் சொன்னார்: துளை மலைப்பக்கம் வரும். எல்லாரும் பின்னால் போய்விடட்டும். வந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல ஒருத்தர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைப்பக்க ஓரத்தில் நிற்கட்டும்.

அந்த ஒருத்தன் யார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டுமா என்ன?

படிப்பவர்களில் சிலருக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் புரியவில்லை.

துளை சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி ராடை மாட்டுவதற்காக மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தினேன். அந்த அமைதியில் பாறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டங், டங், டடங். டங், டங், டடங். கடப்பாரையால் யாரோ அந்தப் பக்கம் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாளத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கூட்டம் அரோகரா போடும் தாளம். உலகத்தில் அதைக் கடலுக்கடியில் தட்டக்கூடியவன் ஒருத்தன்தான்.

ஆர்னேவும் கேட்டார். அவர் மூக்கு இன்னும் கொஞ்சம் சிவந்தது. அது அவருடைய சிரிப்பு. நான் பதிலுக்குத் தட்டலாம் என்று கடைப்பக்கம் போய்ப் பாறையில் கை வைத்தேன். சத்தம் மங்கலாக இருந்தது. நகர்ந்து நகர்ந்து மலைப்பக்கம் வந்தேன். சத்தம் கூடிக்கொண்டே வந்தது. நான் போட்டுக்கொண்டிருந்த துளைக்குள் நீட்டியிருந்த ராடில் கையை வைத்தேன். ஒவ்வொரு தட்டும் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அவன் கடைப்பக்கம் இல்லை. என் துளைக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

கண்முன்னே செல்வியின் முகம் வந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் கரையிலிருந்து போகிறேன், என் வலக்கை மலை. அவன் தீவிலிருந்து வருகிறான், அவன் வலக்கை மலை. என் மலை அவனுக்குக் கடை. கிரிவலத்தில் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் போவார்கள். எதிரே ஒருத்தன் வந்தால் மலை அவனுக்கு எந்தக் கைப்பக்கம் இருக்கும் என்று யோசிக்க வேண்டிய தேவை எங்கள் இருவருக்கும் பிறந்ததிலிருந்து வந்ததே இல்லை.

மெஷின் நின்றிருந்தாலும், பாறைத்தூளைக் கழுவித் தள்ளும் தண்ணீர் துளைக்குள் அழுத்தத்தோடு போய்க்கொண்டுதான் இருந்தது. நடுவில் இருப்பது மெல்லிய பாறை, அது எப்போது பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. ஆர்னே தண்ணீரை மூட ஓடினார். நான் போனைப் பிடுங்கினேன்.

"மச்சான், எங்கடா நிக்கிற?"

"கடைப்பக்கம் தான். நீங்க சொன்ன மாதிரியே செவுத்த ஒட்டினு நிக்கிறேன். இன்னா, நிறுத்திட்டீங்க? டீ டைமா?"

"அங்க நிக்காத, மலைப்பக்கம் ஓடு!"

"இன்னா ஒளர்ற? மலைப்பக்கம் தானே துளை வருதுன்னீங்க? அங்க போயி சாவட்டுமா?"

வலது, இடது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அந்தச் சொற்களே எனக்கு மறந்துபோயின. வாயில் வந்தது ஒன்றுதான்.

"டேய், நீ எதுக்க வர்றடா!"

போனில் பூட்ஸ் காலடி தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. ஒரு திருவண்ணாமலைக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவன் தூரப் போய் நின்று, மூச்சிரைக்க, "ம், இப்ப வுடு" என்று சொன்ன பிறகு, ஆர்னே அதை மூன்று தடவை வெவ்வேறு விதமாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகு, மறுபடி மெஷினைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ராடு சட்டென்று வெற்றிடத்தில் நழுவியது. போனில் ஏழுமலை கூச்சல் போட்டான். "வந்துட்ச்சி! வந்துட்ச்சி மச்சான்! நான் சாஞ்சினு இருந்த எடத்துலயே வந்துட்ச்சி! என் டிபன் டப்பா போச்சுடா!" ஓடும் அவசரத்தில் அவன் விட்டுப்போயிருந்த டப்பா, தெறித்த கல்லில் நசுங்கி தூரப் போய் விழுந்ததாம். நான் மெஷின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். சிரிக்கவும் செய்தேன். எது முதலில் என்று ஞாபகமில்லை.

ராடை மெதுவாகப் பின்னால் இழுத்தபோது அதன் முனையில் பாலித்தீன் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் கம்பியால் கட்டியிருந்தது, ஏழுமலையின் வேலை. உள்ளே கோயில் விபூதி. ஆர்னே அதைத் தொட்டு, பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்லை" என்றார். பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு மூடி ஊற்றினார். அன்றைக்கு மட்டும் பாதி கீழே போய்விட்டது.

கடைசி வெடி வைத்துப் பாறை திறந்ததும் ஆர்னே கற்குவியல் மேல் ஏறி அந்தப் பக்கம் போனார். ஏழுமலையின் இரண்டு தோளையும் பிடித்து, குழந்தையைத் தூக்கி வைப்பதுபோல, துளை இருந்த இடத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "இவ்ளோ நடந்தும் காபி குடுக்கல பாரு" என்றான் ஏழுமலை.

ரோடு திறக்கும் நாளில் வண்டிகள் விடுவதற்கு முன் ஜனங்கள் நடந்து போகலாம் என்றார்கள். தீவில் எழுந்து நடக்கக்கூடிய அத்தனை பேரும் வந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள், கையில் கொடி, கடலுக்கடியில் அக்கார்டியன் வாசிப்பு. கரைக் கூட்டமும் தீவுக் கூட்டமும் நடுவில் சந்தித்து, கட்டிப்பிடித்து, அப்படியே அடைத்துக்கொண்டு நின்றன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தைப் பார்த்த எனக்கு இது பெரிதில்லை, ஆனால் அவர்கள் மிரண்டார்கள். ஆர்னே ஒரு டிரம் மேல் ஏறி, "மாலாய்! எல்லாரும் அவரவர் மாலாய்!" என்று கத்தினார். அவர் கத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அங்கங்கே நின்று ஜனங்களை அவரவர் வலக்கைப் பக்கம் ஒதுக்கினார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுலபமாகப் போயின. ஏழுமலையைச் சாகடிக்கப் பார்த்த அதே கணக்குதான். அந்த ஊர் வண்டிகளும் இன்றுவரை அப்படித்தான் போகின்றன.

நாங்கள் ஊர் திரும்பினோம். நான் அடி அண்ணாமலையில் வீடு கட்டினேன். ஏழுமலை ஊருக்குள் தங்கினால் போரடிக்கும் என்று கிரிவலப் பாதையிலேயே, எனக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி இடம் பிடித்தான். இரண்டு வருடம் கழித்து ஆர்னே வந்தார். ரிடையர் ஆகிவிட்டாராம். அதே மூக்கு, அதே பிளாஸ்க். பௌர்ணமி அன்று சாயங்காலம், நிலா கிளம்பும் நேரத்தில், அவரை வெறுங்காலோடு அழைத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் வலக்கைப் பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். "இதுதானா?" என்றார். இதுதான் என்றேன். இடக்கைப் பக்கம் வரிசையாகக் கடைகள். அதையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு, இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "அன்றைக்கு போனில் கடைசியாக ஒன்று சொன்னாயே, அவன் உடனே ஓடினானே, அது என்ன?" எதுக்க வர்றே என்று சொன்னேன். அர்த்தமும் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. எதிரே வருவதில் அப்படி என்ன இருக்கிறது என்றார்.

அப்போது முன்னால் கூட்டத்தில் சலசலப்பு. "யாருப்பா அது? எதுக்க வர்றீங்களே!" என்று யாரோ அதட்டினார்கள். "வழி வுடுங்க, எங்க ஆளு வந்துக்கிறாரு" என்று ஒரு குரல். ஆயிரக்கணக்கான பேர் ஒரே பக்கமாக நடந்துகொண்டிருக்க, ஒரே ஒருத்தன் மட்டும் அவர்களைப் பிளந்துகொண்டு எங்களை நோக்கி வந்தான். ஆர்னேவைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டிலிருந்து நேரே எதிர்த்திசையில் கிளம்பிவிட்டான். பின்னாலேயே செல்வி, தலையில் அடித்துக்கொண்டு.

ஆர்னே நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார். அவனுக்கு இடப்பக்கம் இருந்த மலையைப் பார்த்தார். "ஓ! எதுக்க!" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் உயர்த்தி, "ஏழுமாலாய்! மாலாய்! மாலாய்!" என்று கத்தினார். ஏழுமலை அடித்துப்பிடித்துத் தன் வலப்பக்கம் தாவி ஒரு பூக்கடைக்குள் போய் நின்றான். வெள்ளைக்காரர் பக்தியில் கூவுகிறார் என்று நினைத்துச் சுற்றியிருந்த கூட்டம் முழுவதும், "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று எழுந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

செல்வி சுண்டல் கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கம் நசுங்கிய டிபன் டப்பாவில்.

"புது டப்பா வாங்கித் தரேன்னாலும் இதத் தூக்கிப் போட வுட மாட்டன்றாரு. படகுல விழுந்து நசுங்கினதாம்" என்றாள்.

ஆர்னே டப்பாவைக் கையில் வாங்கினார். அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். கட்டைவிரல் முழுதாக உள்ளே போயிற்று. செல்வியை ஒரு தடவை பார்த்தார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். பிறகு அவர் பூக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபியை ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் ஏழுமலையிடம் நீட்டினார்.

ஏழுமலை இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். "இந்தக் கசப்புக்காடா இத்தன வருசம் ஏங்கினேன்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, மிச்சத்தை மெதுமெதுவாகக் கடைசிவரை குடித்தான்.